சாட்சியம் சொல்லும் நூல்கள்
பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் எழுத்துப் பணி

உயிரினங்களைப் பற்றிய நூல்கள் முஸ்லிம்களின் அறிவு வரலாற்றில் தனியிடம் பெற்றவை. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255) ஏழு பாகங்களில் எழுதிய 'கிதாபுல் ஹயவான்' அவற்றுள் முதன்மையானது. எகிப்தில் வாழ்ந்த கமாலுத்தீன் அத்தமீரி (மறைவு ஹிஜ்ரி 808) அகரவரிசையில் தொகுத்த 'ஹயாத்துல் ஹயவான்' பல நூற்றாண்டுகள் மத்ரஸாக்களிலும் அறிஞர் இல்லங்களிலும் புரட்டப்பட்டு வந்தது. இந்தியத் துணைக்கண்டத்தில் பாபர் தம் நினைவுக் குறிப்புகளில் இந்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் வரிசைப்படுத்தி எழுதினார். ஜஹாங்கீரோ லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்த ஒரு சாரசக் கொக்கு இணையின் வாழ்வை நாள்தோறும் கவனித்துத் தம் நூலில் பதிவு செய்தார்.

இவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டில் வைத்து எண்ணத்தக்கவர் பம்பாயின் சாலிம் அலி (1896-1987). அவரைச் சமய அறிஞராகக் காட்டுவது நம் நோக்கமன்று. அவர் அவ்வாறு தம்மைக் கருதியவருமல்லர். அவர் பெற்ற விருதுகளைப் பட்டியலிடுவதும் நம் நோக்கமன்று. இயற்கை பற்றிய ஒரு நூல் எவ்வாறு நம்பத்தக்கதாகிறது, அந்த நம்பகத்தன்மைக்காக ஒரு மனிதர் தம் வாழ்நாளை எவ்வாறு செலவிட்டார் என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

ஹதீஸ் கலையோடு சிறிதேனும் பழக்கமுள்ளவர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. ஒரு செய்தியின் பெருமையைக் காட்டிலும் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எங்கே, எப்போது என்னும் வினாக்களையே நம் முஹத்திஸ்கள் முதலில் எழுப்பினர். இயற்கை வரலாற்று நூலும் இறுதியில் ஒரு சாட்சியமே. ஒரு பறவையை ஒருவர் கண்டார். கண்ட இடத்தையும் நாளையும் குறித்தார். பிறர் அக்குறிப்பை நம்பி எடுத்தாண்டனர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் பிழை நூலிலிருந்து நூலுக்குத் தாவிச் சென்றுகொண்டே இருக்கும். சாலிம் அலியின் பணிவாழ்வு முழுவதும் இச்சங்கிலியைச் செம்மை செய்யும் முயற்சி என்றே நாம் கருதுகிறோம்.

ஒரு சிட்டும் ஓர் ஐயமும்

1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஸுலைமானி போஹ்ரா குடும்பமொன்றில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் சாலிம் அலி. ஒரு வயதில் தந்தை முயிஸுத்தீனையும் மூன்று வயதில் தாய் ஸீனத்துன்னிஸாவையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தய்யிப்ஜியும் பிள்ளைப்பேறு இல்லாத அவர் துணைவியார் ஹமீதா பேகமும் கேத்வாடியில் இருந்த தம் இல்லத்தில் இக்குழந்தைகளை வளர்த்தனர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தய்யிப்ஜியும் இவருக்கு மாமன் முறையினரே. செல்வமும் கல்வியும் தேசப்பற்றும் கலந்த குடும்பம் அது.

மாமன் வாங்கித் தந்த சிறு காற்றுத் துப்பாக்கியால் சிட்டுகளைச் சுடுவது சிறுவனின் பொழுதுபோக்கு. முறைப்படி அறுக்கப்பட்ட சிட்டுகள் வீட்டில் உணவாகவும் ஆயின. ஒருநாள் வீழ்ந்த சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிதானா இது? இதை உண்ணுவது ஆகுமானதா? இந்த ஐயத்துடன் சிறுவன் மாமனிடம் சென்றான். மாமன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் உறுப்பினர். அவர் ஓர் அறிமுகக் கடிதத்துடன் சிறுவனைச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அதை இனங்கண்டு சொன்ன மில்லார்டு, இழுப்பறைகளைத் திறந்து சங்கத்தின் பறவைத் தோல் சேகரிப்பைக் காட்டினார். நூல்களையும் இரவல் தந்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் பயிற்சியும் அங்கே அவருக்குக் கிடைத்தது.

அத்தமீரியின் நூலில் ஒவ்வோர் உயிரினத்தின் கீழும் அதை உண்ணுவது பற்றிய சட்டநிலை தனியே கூறப்பட்டிருக்கும். ஆகும், ஆகாது என்று தீர்ப்பதற்கு முன் அவ்வுயிர் இன்னதென்று அறிந்தாக வேண்டும். எனவே நம் மரபில் சட்டவியலும் உயிரியலும் ஒரே பக்கத்தில் அருகருகே அமர்ந்தன. பம்பாய்ச் சிறுவனின் ஐயமும் அந்தப் பழைய வாசலில் தோன்றியதே என்பது சிந்திக்கத்தக்கது.

அதே பருவத்தில் அவர் எழுதிவைத்த மற்றொரு குறிப்பும் உண்டு. கூட்டில் ஒரு பெண் சிட்டு இருந்தது. காவலிருந்த ஆண் சிட்டைச் சிறுவன் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் அவ்விடத்தை நிரப்பியது. அதையும் சுட்டான். ஏழு நாட்களில் எட்டு ஆண் சிட்டுகள் இவ்வாறு வீழ்ந்தன. விளையாட்டின் கொடுமை இதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணிக்கையையும் நாட்கணக்கையும் தவறாமல் குறித்துவைத்த ஒரு கையும் இதில் தென்படுகிறது. அக்குறிப்பு பல பத்தாண்டுகளுக்குப் பின் பறவை ஆர்வலர்களின் இதழொன்றில் அப்படியே வெளியானது.

பட்டமில்லாத அறிஞர்

பள்ளிக் கல்வி அவருக்கு எளிதாக அமையவில்லை. தீராத தலைவலியால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரியின் முதலாண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு, குடும்பத்தின் டங்ஸ்டன் சுரங்கத்தையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவாய் நகருக்குச் சென்றார். அங்குள்ள காடுகள் அவருடைய பறவை ஆர்வத்தை வளர்த்தன, வணிகம் வளரவில்லை. 1917இல் பம்பாய் திரும்பியவர் தாவர் வணிகக் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றார். பாதிரியார் பிளாட்டரின் தூண்டுதலால் அதனுடன் புனித சவேரியார் கல்லூரியில் விலங்கியல் வகுப்புகளிலும் அமர்ந்தார். 1918 டிசம்பரில் தஹ்மீனா பேகத்தை மணந்தார்.

முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாகத் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளரானார். மாத ஊதியம் ரூ. 350. இக்காலத்தில்தான் முகலாயப் பேரரசர்களை இயற்கை ஆய்வாளர்களாகவும் வேட்டைக்காரர்களாகவும் ஆராயும் அவரது தொடர் கட்டுரை 1927-28இல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. பாபரும் ஜஹாங்கீரும் அரசர்களாக மட்டுமே பேசப்பட்டு வந்த நாளில், அவர்களுடைய குறிப்புகளை ஒரு களப்பணியாளரின் கண்ணோடு படித்தவர் சாலிம் அலி. தாம் எவ்வரிசையில் வருகிறோம் என்பதை அவர் அறிந்தே இருந்தார் என்று இதனால் உணர்கிறோம்.

1928இல் விடுப்புப் பெற்று பெர்லின் சென்றார். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் பேராசிரியர் அவரை மாணவராக ஏற்றார். பர்மாவிலிருந்து வந்திருந்த பறவைத் தோல்களை ஆராயும் பணி அவருக்கு அளிக்கப்பட்டது. பறவையைப் பெயரிட்டு அடுக்குவதோடு நில்லாமல் அது வாழும் முறையையும் ஆராய வேண்டும் என்னும் புதிய நோக்கு அக்காலத்து ஜெர்மனியில் வலுப்பெற்றிருந்தது. சாலிம் அலி அங்கிருந்து கொண்டுவந்த செல்வம் இந்நோக்கே.

வேலை போனது, பணி தொடங்கியது

1930இல் தாயகம் திரும்பியபோது அருங்காட்சியகத்தில் அவருடைய பதவி இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அது நீக்கப்பட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று, மனைவி உடனிருக்கிறார், கையில் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. பம்பாய் வாழ்வின் செலவைத் தாங்க இயலாமல் இருவரும் அலிபாக் அருகே கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றனர்.

அங்கே வீட்டருகில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு மழைப்பருவம் முழுவதும் அவற்றை அவர் கவனித்தார். அதுவரை எவரும் தெளிவாகக் கூறாத செய்தி ஒன்று புலப்பட்டது. ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்த்து அதை ஏற்றுக்கொண்ட பின்னரே மீதியை முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை எதிர்நோக்குகிறது. அடைகாக்கும் பொறுப்பு பெண்ணுடையது. 1931இல் வெளியான இவ்வாய்வு பறவையியல் உலகின் கவனத்தை ஈர்த்தது. நம் ஊர்ப் பனைகளிலும் கிணற்றோர மரங்களிலும் எல்லோரும் காலங்காலமாகப் பார்த்துவந்த குருவிதான் அது. பார்த்தவர் பலர், நாள் குறித்துக் கவனித்தவர் ஒருவர்.

ஊதியம் தரும் நிறுவனம் எதுவும் இல்லாத நிலையில் அவர் ஒரு வழி கண்டார். சமஸ்தானங்களின் பறவைகளை முறையாகக் கணக்கெடுக்கும் பணியைத் தாம் ஊதியமின்றிச் செய்வதாகவும், முகாம் மற்றும் பயணச் செலவை மட்டும் ஏற்றால் போதும் என்றும் முன்வந்தார். ஹைதராபாத் தொடங்கி, திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனச் சமஸ்தானங்கள் அவருடைய களங்களாயின. பின்னர் கட்ச் மன்னரின் ஆதரவில் அப்பகுதியின் பறவைகளையும் ஆராய்ந்தார். குமாயூன் அடிவாரத்தில், வெகுகாலமாக எவர் கண்ணிலும் படாதிருந்த ஃபின் தூக்கணாங்குருவியை மீண்டும் கண்டறிந்து அறிவித்தவரும் அவரே.

இக்கணக்கெடுப்பு எவ்வாறு நடந்தது என்பதை அறிவது நம் பொருளுக்கு இன்றியமையாதது. விடியுமுன் காட்டுக்குள் செல்ல வேண்டும். கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இனம் ஐயமாயின் ஒரு பறவையைச் சுட்டு எடுத்து அளவிட்டு, கெடுமுன் தோலை உரித்துப் பதப்படுத்த வேண்டும். இரைப்பையில் இருந்த உணவையும் இனப்பெருக்க உறுப்புகளின் நிலையையும் குறிக்க வேண்டும். இறுதியில் காலில் ஒரு சீட்டு கட்டப்படும். இடம், நாள், பாலினம், சேகரித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சீட்டில்லாத தோல் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் பயனற்றது. அறிவிப்பாளர் வரிசையில்லாத செய்தியை நம் முன்னோர் எந்த மதிப்பில் வைத்தார்களோ, அதே மதிப்பில்தான் இதுவும் வைக்கப்படும்.

இம்முகாம்களில் தஹ்மீனா உடனிருந்தார். நகர வசதிகளில் வளர்ந்து இங்கிலாந்தில் கல்வி கற்ற அவர், கூடாரங்களிலும் மாட்டுவண்டிப் பாதைகளிலும் கணவருடன் வாழ்ந்தார். அவருடைய இலக்கியப் பயிற்சி கணவரின் ஆங்கில நடையைச் செப்பம் செய்தது. சாலிம் அலியின் எழுத்தில் காணப்படும் தெளிவுக்கும் மெல்லிய நகைச்சுவைக்கும் இப்பெண்மணியின் பங்கு உண்டு. 1939இல் சிறு அறுவைச் சிகிச்சை ஒன்றின் பின் அவர் காலமானார். பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியின் இல்லத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

நூலும் நேர்காட்சியும்

சாலிம் அலியின் அறிவு நேர்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். அக்காலத்தில் இந்தியப் பறவைகள் பற்றி உறுதியான சொல்லுக்குரியவராகக் கருதப்பட்டவர் ஹியூ விஸ்லர். பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாகப் பணிபுரிந்து இங்கிலாந்து திரும்பியவர். 1928இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய கையேடு பலராலும் போற்றப்பட்டது. துடுப்புவால் கரிச்சான் என்னும் பறவையின் வாலில் இரு நீண்ட இறகுகள் உண்டு. அவற்றின் தண்டு வெறுமையாகச் சென்று நுனியில் மட்டும் துடுப்புப் போல் விரியும். அத்துடுப்பு தண்டின் எந்தப் பக்கத்து இழைகளால் ஆனது என்பதில் பழைய நூல்கள் பிழை செய்திருந்தன. நுனிக்கருகே தண்டு முறுக்கிக்கொள்வதை முதலில் எழுதியவர் கவனிக்கவில்லை. பின்னால் வந்தோர் அவரைப் பின்பற்றினர். விஸ்லரின் எழுத்திலும் அப்பிழை இடம்பெற்றது.

சாலிம் அலி இதைச் சுட்டி ஆய்விதழின் ஆசிரியர்களுக்கு எழுதினார். பெயரறியாத ஓர் இந்தியர் தம்மைத் திருத்துவதா என்று விஸ்லர் முதலில் சினந்தார். பின்னர் தம்மிடமிருந்த பறவைத் தோல்களை மீண்டும் எடுத்துப் பார்த்தார், பிழையை ஒப்புக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். ஹைதராபாத், திருவிதாங்கூர் ஆய்வறிக்கைகளுக்கு விஸ்லரே வகைப்பாட்டுக் குறிப்புகள் எழுதித் தந்தார். பெரிய பெயருக்கு அஞ்சாத திருத்தமும் சான்றைக் கண்டபின் பணிந்த பெருந்தன்மையும் இணையும்போதுதான் கலை வளர்கிறது. கடலோடிகளின் கதைகளையும் யவன அறிஞர்களின் கூற்றுகளையும் நம்புவதற்கு முன் ஆய்ந்து பார்த்த அல்ஜாஹிழ் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

மக்கள் கையில் ஒரு நூல்

1941இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் சாலிம் அலியின் 'இந்தியப் பறவைகள் நூல்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்டது. அதற்கு முன் இந்தியப் பறவைகளைப் பற்றிய முழுமையான நூல் ஸ்டூவர்ட் பேக்கர் எழுதிய பல பாகத் தொகுதி. அதை வாங்குவோரும் சிலர், புரிந்துகொள்வோரும் சிலர். சாலிம் அலி எழுதியதோ சாதாரணப் படிப்புள்ளவர் வண்ணப் படங்களுடன் கையில் எடுத்துச் சென்று மரத்தைப் பார்த்துப் பயன்படுத்தத்தக்க நூல்.

அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பறவையின் அளவை அங்குலத்தில் கூறுவதால் புதியவருக்குப் பயனில்லை. பறக்கும் உயிரை அளவுகோல் வைத்து அளப்பது எப்படி? எனவே எல்லோரும் அறிந்த சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா, காகம், பருந்து போன்றவற்றையே அளவுகளாக எடுத்துக்கொண்டார். சிட்டுக்குருவியை விடச் சற்றுப் பெரியது, மைனாவை விடச் சற்றுச் சிறியது என்பதைக் கூட்டல், கழித்தல் குறிகளால் காட்டினார். அதன்பின் களத்தில் அடையாளம் காணும் வழி, காணப்படும் பகுதி, பழக்கங்கள், உணவு, குரல், கூடு ஆகியவை ஒழுங்காக வரும். வாசகர் அறிந்ததிலிருந்து அறியாததற்கு அழைத்துச் செல்லும் இம்முறை ஒரு நல்லாசிரியரின் முறை.

இந்நூலின் படியொன்றை ஜவாஹர்லால் நேரு தம் மகள் இந்திராவுக்கு அளித்தார். தம்முடைய பறவை ஆர்வத்திற்கு அந்நூலும் ஒரு காரணம் என்பதை இந்திரா காந்தி பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். நூல் பதிப்புக்குப் பதிப்பு விரிந்து ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் தொடர்ந்தது. 'கட்சின் பறவைகள்' (1945), 'இந்திய மலைப்பறவைகள்' (1949), 'சிக்கிமின் பறவைகள்' (1962) என ஒவ்வொரு கணக்கெடுப்பும் ஒவ்வொரு நூலாக முடிந்தது. திருவிதாங்கூர்-கொச்சி ஆய்வு 1953இல் தனி நூலாகி, 1969இல் 'கேரளப் பறவைகள்' எனப் புதுப்பெயர் பெற்றது. பொழுதுபோக்கு எழுத்தாளர் ஒருவர் ஆண்டுக்கொரு நூல் எழுதக்கூடும். சாலிம் அலியின் நூல்களுக்கிடையே உள்ள இடைவெளிகள் அவர் காட்டில் நடந்த ஆண்டுகளாகும்.

பத்துத் தொகுதிகள்

அவருடைய பணியின் உச்சம் அமெரிக்கப் பறவையியலாளர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய 'இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு'. நேபாளம், சிக்கிம், பூட்டான், இலங்கை ஆகியவற்றின் பறவைகளும் இதில் அடங்கும். 1964இல் தொடங்கிய பணியின் முதல் தொகுதி 1968இலும் பத்தாம் தொகுதி 1974இலும் வெளிவந்தன. துணைக்கண்டத்தின் 1,200க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இதில் விவரிக்கப்பட்டுள்ளன. முதல் தொகுதி வெளிவந்த ஆண்டில் சாலிம் அலிக்கு வயது 72. பத்தாம் தொகுதி வெளிவந்த ஆண்டில் 78. ஓய்வுக்குரிய வயதில்தான் அவருடைய மிகப்பெரிய பணி நிறைவேறியது.

மன்னர்களின் ஆதரவு மறைந்த பின் இத்தகைய பணியைத் தாங்கியவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். உலகப்போரின்போது பம்பாயில் தஞ்சமடைந்திருந்த சிங்கப்பூர்த் திரைப்பட அதிபர் லோக் வான் தோ, சாலிம் அலியுடன் முகாம்களில் திரிந்து பறவைகளைப் படமெடுத்தார். 1964இல் விமான விபத்தில் மறையும் வரை பொருளுதவியும் செய்துவந்தார். நாடு விடுதலை பெற்றபின் நிதி நெருக்கடியில் தத்தளித்த சங்கத்திற்காகச் சாலிம் அலி பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றார். 1976இல் தமக்குக் கிடைத்த பால் கெட்டி பரிசின் 50,000 டாலரைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்பு நிதியொன்றைத் தோற்றுவித்தார். பட்டமில்லை என்று பதவி மறுக்கப்பட்ட அவருக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1958இல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இந்திய அரசின் பத்மபூஷண் விருதும் அதே ஆண்டில் கிட்டியது.

துப்பாக்கியும் கால்வளையமும்

இங்கே ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. பறவைகளை நேசித்தவர் ஏன் அவற்றைச் சுட்டார்? காரணமின்றி ஒரு சிட்டைக் கொல்வதும் கணக்குக் கேட்கப்படும் செயல் என்று நம்பும் சமூகம் நாம். சாலிம் அலி இவ்வினாவுக்கு ஒளிந்தவரல்லர். 1985இல் வெளியான தம் தன்வரலாற்றுக்கு 'ஒரு சிட்டின் வீழ்ச்சி' என்று பெயரிட்டதே தம் கல்வியின் முதல் விலை எது என்பதை அவர் மறக்கவில்லை என்று காட்டுகிறது. இனங்கள் சரிவரப் பிரித்தறியப்படாத காலத்தில், கையில் எடுத்து அளவிடாமல் உறுதி கூற வழியில்லை என்பது அவர் நிலைப்பாடு. தேவைக்கு மேல் சுடுவதையும் வீண்வேட்டையையும் அவர் வெறுத்தார். இதை நாம் முழுதும் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அவருடைய நூல்களே துப்பாக்கியின் தேவையைக் குறைத்தன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தொலைநோக்கியும் ஒரு கையேடும் இருந்தால் பறவையை உயிருடன் இனங்காணலாம் என்ற நிலை அவற்றால் வந்தது.

1959 அளவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் சங்கம் பறவைகளுக்குக் கால்வளையமிடும் பணியை விரிவாகத் தொடங்கியது. பறவையைக் காயமின்றிப் பிடித்து, எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் பூட்டி விடுவிப்பதே இம்முறை. அது வேறு நாட்டில் கிடைக்குமாயின் வலசையின் வழி புலப்படும். இறந்த பறவையின் காலில் கட்டிய சீட்டு, இப்போது பறக்கும் பறவையின் காலில் வளையமாயிற்று. இதில் பிஹாரின் மீர்ஷிகார் எனப்படும் முஸ்லிம் பறவை பிடிப்போரின் பரம்பரைத் திறன் பெரிதும் பயன்பட்டது. அங்காடிக்காகப் பறவை பிடித்த கைகள் ஆய்வுக்காகப் பிடித்து விடுவித்தன. நூல்களின் முகப்பில் இவர்கள் பெயர் இல்லை. ஆயினும் சாட்சியச் சங்கிலியில் இவர்களும் கண்ணிகளே.

தமிழகத்துக்கும் இப்பணிக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வலுப்பெறுகிறது. நாகை மாவட்டக் கோடிக்கரையின் சிறப்பை உணர்ந்து 1960களில் அங்கே கால்வளையமிடும் முகாம்களைச் சங்கம் நடத்தியது. வடபுலத்திலிருந்து வரும் உள்ளான்களும் பூநாரைகளும் தங்கும் அவ்விடம் 1967இல் சரணாலயமாயிற்று. பரத்பூர் நீர்நிலையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் காக்கப்பட்டதிலும் சாலிம் அலியின் குரலுக்குப் பங்குண்டு. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட அவர், 1987 ஜூன் 20 அன்று தொண்ணூறாம் வயதில் காலமானார். 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் தோற்றுவிக்கப்பட்டது.

எஞ்சி நிற்பது

ஓர் இயற்கை நூலாசிரியரின் எழுத்துக்குக் காலம் வைக்கும் தேர்வு மற்ற எழுத்தாளருக்கு வைப்பது போன்றதன்று. வகைப்பாடு மாறும், அறிவியல் பெயர்கள் மாறும். சாலிம் அலியின் கையேட்டில் உள்ள பெயர்கள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பறவை இருந்தது என்னும் கூற்று மாறாது.

1933இல் அவர் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களைச் சுற்றிவந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டதே. ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்குப் பின், 2009இல், கேரளத்தின் பறவையாளர்கள் அவருடைய குறிப்புகளைக் கையில் கொண்டு அவர் முகாமிட்ட இடங்களுக்கே மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். எது நிலைத்தது, எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்பதை ஒப்பிட அவர்களுக்கு இயன்றது. இடமும் நாளும் எழுதப்படாதிருந்தால் அப்பயணமே நடந்திராது.

சைபீரியக் கொக்கின் கதை இன்னும் உருக்கமானது. ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் அப்பறவையைத் தீட்டியிருக்கிறார். சாலிம் அலியின் நூல்களில் அது பரத்பூருக்குக் குளிர்காலத்தில் வரும் விருந்தாளியாக இடம்பெறுகிறது. 2002க்குப் பின் அது அங்கே வரவில்லை. அவர் மீண்டும் கண்டறிந்த ஃபின் தூக்கணாங்குருவியும் இன்று அழியும் நிலையிலுள்ள பறவைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நேற்று இருந்தது என்பதற்குச் சான்று இருந்தால்தான் இன்று இல்லை என்று சொல்ல முடியும். சொல்ல முடிந்தால்தான் காக்க முடியும்.

சான்றுகளை ஆய்ந்து ஏற்கும் கலையைப் பேணிய சமூகத்தின் வழிவந்த நாம், அக்கலையை ஏடுகளோடு நிறுத்திக்கொண்டோம் என்னும் குறை நம்மீது உண்டு. நம் ஊர்க் குளத்துக்கு இவ்வாண்டு வந்த பறவைகள் எவை, சென்ற ஆண்டு வந்து இவ்வாண்டு வராதவை எவை என்று நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எவரேனும் குறித்து வருகிறார்களா? அதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை என்பதைச் சாலிம் அலியின் வாழ்வு காட்டிவிட்டது. ஒரு குறிப்பேடும், கண்டதை மட்டும் எழுதும் உறுதியும், ஒவ்வொரு வரியின் தலையிலும் நாளும் இடமும் இருந்தால் போதும்.